கிடார் வாசிக்கத் தெரியாத கிடார் மேதை

கிடார் வாசிக்க அவருக்குத் தெரியாது. அதற்குச் சுருதி கூட்டவும் தெரியாது.

ஆனால், மின்சாரக் கிடார் என்று சொன்னதும் நம் கண் முன் ஓர் உருவம் வந்து நிற்கிறதே, இரண்டு கொம்புகள் வைத்த, வழவழப்பான மரப்பலகை, அந்த உருவத்தை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். அந்தக் கிடாரின் ஓசையைப் பெரிய மண்டபத்தின் கடைசி வரிசை வரை கொண்டுபோன ஆம்ப்ளிபயர் பெட்டிகளைச் செய்தவரும் அவர்தான்.

அவர் பெயர் லியோ பெண்டர். அமெரிக்கர். 1909-ம் ஆண்டு பிறந்தார். 1991-ம் ஆண்டு இறந்தார்.

படித்தது கணக்குப் பதிவு. செய்தது ரேடியோ ரிப்பேர். பிடித்தது பாட்டு.

சாவு நெருங்கிவிட்டது என்று நம்பி, தாம் கட்டிய கம்பெனியைத் தம் பெயரோடு சேர்த்து விற்றார். சாவு வரவில்லை. அதற்குப் பிறகும் 26 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். விற்ற பெயர் விற்றதுதான். ஆகவே, வேறு பெயரில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு கண்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தென்கிழக்கே அனஹைம், புல்லர்டன் என்று இரண்டு ஊர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுத் தோட்டங்கள்.

அப்படி ஒரு தோட்டக்காரர் வீட்டில் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி லியோ பிறந்தார். பெற்றோர் வைத்த முழுப் பெயர் கிளாரன்ஸ் லியோனிடஸ் பெண்டர்.

8 வயதில் சிறுவனுக்கு ஒரு கஷ்டம் வந்தது. இடது கண்ணில் கட்டி. கண்ணையே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். வாழ்நாள் முழுவதும் ஒரே கண்ணோடுதான் அவர் நுணுக்கமான வேலைகளை எல்லாம் செய்தார். இரண்டாவது உலகப் போரில் அவரைப் பட்டாளத்தில் சேர்க்காததற்கும் அதுவே காரணம்.

லியோவின் மாமா ஒருவர், சாண்டா மரியா என்ற ஊரில் மோட்டார் கார்களுக்கு மின்சார வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் ஒரு நாள் மருமகனுக்கு ஒரு பெட்டி அனுப்பினார். பெட்டி நிறையக் கழித்துப் போட்ட சாமான்கள். கூடவே ஒரு பாட்டரி.

மறு ஆண்டு லியோ மாமாவின் கடைக்குப் போனான். கடை முகப்பில், மாமா உதிரிச் சாமான்களைக் கொண்டு தாமே செய்த ரேடியோ ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அதன் ஸ்பீக்கரிலிருந்து கணீர் என்று பாட்டு வந்தது. சிறுவன் மலைத்து நின்றான்.

அந்த ஓசை அவன் காதை விட்டுப் போகவே இல்லை.

வேலை போயிற்று!

பள்ளிக்கூடப் படிப்பு 1928-ம் ஆண்டில் முடிந்தது. பிறகு கல்லூரியில் கணக்குப் பதிவு படித்தார். ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கணக்கு எழுதினார். 1934-ம் ஆண்டில் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார்.

அமெரிக்காவில் அது பெரும் பொருளாதார நெருக்கடிக் காலம். கம்பெனிகள் மூடப்பட்டன. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்து தெருவில் நின்றார்கள். லியோ அரசாங்க நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் ஆனார். அந்த வேலை போயிற்று. டயர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். ஆறு மாதத்தில் அதுவும் போயிற்று.

இனி யாரிடமும் வேலை கேட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தார். 1938-ம் ஆண்டில் 600 டாலர் கடன் வாங்கிக்கொண்டு புல்லர்டனுக்குத் திரும்பினார். "பெண்டர் ரேடியோ சர்வீஸ்" என்று ஒரு ரிப்பேர் கடை திறந்தார்.

ரேடியோ ரிப்பேர் செய்தார். இசைத்தட்டு விற்றார். கூட்டங்களுக்கும் நடனங்களுக்கும் மைக் செட் வாடகைக்கு விட்டார். எஸ்தர் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார். கையில் காசு இல்லாத நாட்களில் அந்தச் சம்பளம்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது.

அந்தச் சிறு கடைதான் லியோவுக்கு உண்மையான கல்லூரி. பாட்டுக்காரர்கள் தங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். எந்த இடத்தில் ஈயப்பற்று விட்டுப்போகிறது, எந்தத் திருகாணி தளர்கிறது, எந்த ஒயர் அறுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தினமும் பாடம் ஆயிற்று. புதுப் பொருளைச் செய்கிறவனுக்கு அதன் அழகுதான் தெரியும். ரிப்பேர் செய்கிறவனுக்கோ அது எங்கே உடையும் என்று தெரியும்!

பெட்டிக்குள் என்ன?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரக் கிடார் எப்படிப் பாடுகிறது?

கிடாரின் கம்பிகளுக்குக் கீழே காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது. மேலே இருக்கும் எஃகுக் கம்பி அதிர்ந்தால், கீழே உள்ள சுருளில் மின்சாரம் உண்டாகும். ஆனால், அது மிகமிகச் சிறிய மின்சாரம். அதைக் கொண்டு ஒரு ஸ்பீக்கரை அசைக்க முடியாது.

அந்தச் சிறிய மின்சாரத்தைப் பெரிதாக்குவதுதான் ஆம்ப்ளிபயரின் வேலை. அந்த வேலை இரண்டு கட்டங்களில் நடக்கிறது.

முதல் கட்டம், முன்பெருக்கி. கிடாரிலிருந்து வரும் மின்சாரத்தை இது கொஞ்சம் வளர்க்கிறது. கீழ் ஓசை தூக்கலாக வேண்டுமா, மேல் ஓசை தூக்கலாக வேண்டுமா என்று திருகிப் பார்க்கும் குமிழ்கள் இங்கேதான் இருக்கின்றன. ஓசையின் குணம் பெரும் பகுதி இங்கே முடிவாகிறது.

இரண்டாவது கட்டம், சக்திப் பெருக்கி. குணம் பெற்ற ஓசைக்கு இது பலம் கொடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

சமையலைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். முன்பெருக்கி, தாளித்து ருசி சேர்க்கும் இடம். சக்திப் பெருக்கி, பந்தி முழுவதுக்கும் போதுமான அளவு கொடுக்கும் பெரிய அடுப்பு.

அந்தக் காலத்தில் இந்த இரண்டு வேலைகளையும் செய்தவை வால்வுகள். பழைய ரேடியோவின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தவர்களுக்கு வால்வு தெரிந்திருக்கும். காற்றை எடுத்துவிட்ட கண்ணாடிக் குழல். உள்ளே ஒரு கம்பி சூடேறிச் செந்நிறமாக ஒளிவிடும். அது சூடேற ஒரு நிமிஷம் பிடிக்கும். பிறகு பாட்டு வரும்.

முதல் கம்பெனி

போர்க் காலத்தில் லியோவின் கடைக்கு "டாக்" காப்மன் என்ற நண்பர் வந்து சேர்ந்தார். அவர் கிடார் வாசிப்பவர். கிடார்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். இருவரும் சேர்ந்து 1945-ம் ஆண்டில் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிடாரையும், அதற்கு ஏற்ற சிறிய ஆம்ப்ளிபயரையும் ஜோடியாக விற்றார்கள்.

மறு ஆண்டு காப்மன் விலகிக்கொண்டார். தொழிலில் ஏறும் கடனை நினைத்து அவர் பயந்தார். லியோ பயப்படவில்லை. தம் பெயரிலேயே கம்பெனியை நடத்தினார்.

அவர் செய்த ஆம்ப்ளிபயர்களில் ஒரு விசேஷம் உண்டு. திறப்பது எளிது. எந்த இடத்தில் எந்த வால்வு இருக்க வேண்டும் என்று காட்டும் காகிதம் பெட்டிக்குள்ளேயே ஒட்டப்பட்டிருக்கும். ஒரு சாமான் கெட்டால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்று வைக்கலாம். எந்த ஊர் ரேடியோக் கடைக்காரரும் அதைச் சரி செய்துவிடலாம். தாமே ரிப்பேர்க்காரராக இருந்தவர் அல்லவா?

நாலு திருகாணிக் கிடார்

அப்போது மேடையில் வாசித்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. பழைய கிடாரின் உடல் உள்ளே வெற்றாக இருக்கும். ஆம்ப்ளிபயரைப் பலமாக வைத்தால், ஸ்பீக்கரின் ஓசை அந்த வெற்றிடத்தில் புகுந்து திரும்ப ஒலிக்கும். ஊ... என்று ஊளையிடும்.

உள்ளே வெற்றிடமே இல்லாமல் ஒரே மரப்பலகையில் செய்தால் என்ன? இந்த யோசனை வேறு சிலருக்கும் தோன்றியிருந்தது. ஆனால், அதைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து, சாதாரணப் பாட்டுக்காரரும் வாங்கும்படி கொடுத்து வெற்றி பெற்றவர் லியோ.

1950-ம் ஆண்டில் அவருடைய பலகைக் கிடார் வெளிவந்தது. அதற்கு "பிராட்காஸ்டர்" என்று பெயர் வைத்தார். அதே போன்ற பெயரில் வேறொரு கம்பெனி தாளக் கருவிகள் விற்றுவந்தது. அவர்கள் ஆட்சேபித்தார்கள். உடனே லியோவின் ஆட்கள், ஒட்டுச் சீட்டில் இருந்த அந்தப் பெயரை மட்டும் வெட்டிவிட்டுக் கிடார்களை அனுப்பினார்கள்! சீட்டைக் கூட வீணாக்கவில்லை. 1951-ம் ஆண்டில் "டெலிகாஸ்டர்" என்ற புதுப் பெயர் வந்தது. இன்றும் அந்தப் பெயரே நிலைத்திருக்கிறது.

பழைய கிடார்களில் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவார்கள். கழுத்து கோணினால் பெரிய வேலை. லியோ கழுத்தை நாலு திருகாணி வைத்து முடுக்கினார். கோணினால் கழற்று, வேறு கழுத்தை மாட்டு. அவ்வளவுதான்.

கிடார் செய்வதையே தவமாகக் கொண்டிருந்த பழைய கைவினைஞர்கள் சிரித்தார்கள். இது கிடாரா, பலகையா என்று கேலி செய்தார்கள். வாங்கியவர்கள் சிரிக்கவில்லை. வாசித்தார்கள்.

1951-ம் ஆண்டிலேயே "பிரிசிஷன் பேஸ்" என்ற கிடாரையும் செய்தார். அதற்கு முன் கீழ்ச் சுருதி வாசிப்பவர்கள், ஆள் உயரம் இருக்கும் பெரிய வாத்தியத்தைச் சுமந்து திரிந்தார்கள். மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அது காதில் விழுவதும் இல்லை. லியோவின் புது வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

காது கொடுத்தார்

வாசிக்கத் தெரியாதவருக்கு இதெல்லாம் எப்படிச் சாத்தியம் ஆயிற்று?

தெரியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். தெரிந்தவர்களிடம் கேட்டார். அதுதான் ரகசியம்.

மாலையில் நடன மண்டபங்களுக்குப் போவார். தாம் செய்த கிடாரையும் பெட்டியையும் பாட்டுக்காரர்களிடம் கொடுப்பார். வாசிக்கச் சொல்லிக் கேட்பார். என்ன குறை என்று விசாரிப்பார். திரும்பி வந்து மாற்றுவார். மறுபடி எடுத்துப் போவார்.

டெலிகாஸ்டரின் கூர்மையான ஓரம் விலாவில் குத்துகிறது என்று சில வாத்தியக்காரர்கள் குறை சொன்னார்கள். லியோ கோபிக்கவில்லை. அடுத்த கிடாரின் முதுகையும் முன் ஓரத்தையும் உடம்போடு ஒட்டும்படி சரித்துச் செதுக்கினார். அவருடைய உதவியாளர் பிரெடி டவாரெஸ் என்பவர் அதன் உருவத்தை வரைந்தார். 1954-ம் ஆண்டில் அந்தக் கிடார் வெளிவந்தது. அதுதான் "ஸ்ட்ராட்டோகாஸ்டர்". இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் சொன்னோமே, இரண்டு கொம்பு வைத்த கிடார், அது இதுதான்.

கலிபோர்னியாக் கடற்கரை ஊர் ஒன்றில் டிக் டேல் என்ற இளைஞர் கிடார் வாசித்துவந்தார். அவருக்குச் சத்தம் வேண்டும். இன்னும் சத்தம் வேண்டும். லியோ கொடுத்த ஆம்ப்ளிபயர்கள் ஒன்றன் பின் ஒன்றாக எரிந்தன, ஸ்பீக்கர்கள் கிழிந்தன. லியோவுக்குப் புரியவில்லை. டவாரெசையும் அழைத்துக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனார். கூட்டத்தின் நடுவே நின்று கேட்டார். காரணம் விளங்கிவிட்டது. நெருக்கி நிற்கும் கூட்டமே ஓசையை விழுங்குகிறது!

திரும்பி வந்து, 15 அங்குல ஸ்பீக்கரும் அதற்கு ஏற்ற பலமும் கொண்ட "ஷோமேன்" பெட்டியைச் செய்தார்.

குறையா? குணமா?

இங்கேதான் வேடிக்கை நடந்தது.

லியோவுக்குப் பிடித்தது சுத்தமான ஓசை. மணி அடித்தாற்போல் கணீர் என்று இருக்க வேண்டும். கரகரப்பு இருக்கவே கூடாது. அந்தக் கரகரப்பை ஒழிக்கத்தான் அவர் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார்.

வால்வுப் பெட்டியை அளவுக்கு மேல் திருகினால் கரகரப்பு வரும். வால்வால் தாங்க முடியாத அளவுக்கு ஓசை அலை பெரிதாகும்போது, அலையின் தலை மெல்ல மழுங்கிப் போகும். அப்படி மழுங்கும்போது, அசல் ஓசையில் இல்லாத புதுப்புது ஓசைகள் அதில் கலக்கும். மேஜையில் உட்கார்ந்து அளப்பவருக்கு அது பிழை. இளைஞர்களுக்கோ அது தேன்!

லியோ பேஸ் கிடாருக்கென்று "பேஸ்மேன்" என்ற ஆம்ப்ளிபயரைச் செய்திருந்தார். பிறகு அதில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நாலு வைத்தார். பேஸ்காரர்களை விட மற்றக் கிடார்க்காரர்களே அதைத் தேடி வாங்கினார்கள். பலமாகத் திருகி, அந்தக் கரகரப்பை ரசித்தார்கள்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் வாத்தியக் கடை வைத்திருந்தார். அமெரிக்கப் பெட்டிகள் அங்கே யானை விலை. ஆகவே, 1962-ம் ஆண்டில் அவரும் அவருடைய ஆட்களும் பேஸ்மேன் பெட்டியைப் பார்த்து, உள்ளூரில் கிடைத்த சாமான்களைக் கொண்டு அதே போல் ஒன்று செய்தார்கள். அதன் கரகரப்பு இன்னும் முரட்டுத்தனமாக இருந்தது. மார்ஷல் பெட்டி அப்படிப் பிறந்ததுதான்.

1969-ம் ஆண்டில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹெண்டிரிக்ஸ் வாசித்தது லியோவின் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பின்னால் முழங்கியவை மார்ஷல் பெட்டிகள். ஒன்று லியோவின் பிள்ளை. மற்றொன்று லியோவின் பேரன் முறை!

எந்தக் கரகரப்பை அவர் குறை என்று நினைத்தாரோ, அதுவே ஒரு தலைமுறையின் சங்கீதம் ஆகிவிட்டது.

விற்றுவிட்டார்!

ஆனால், அந்தக் காட்சி நடந்தபோது பெண்டர் கம்பெனி லியோவிடம் இல்லை.

பல ஆண்டுகளாக அவரை ஒரு நோய் வாட்டியது. மூக்கை ஒட்டிய எலும்பு அறைகளில் கிருமி தங்கிவிட்டது. எத்தனை மருந்து சாப்பிட்டும் தீரவில்லை. உடம்பு நாளுக்கு நாள் மோசமாயிற்று. இனிப் பிழைக்க மாட்டோம் என்று நம்பினார். தாம் போய்விட்டால் தொழிலாளர்களின் கதி என்ன என்று கவலைப்பட்டார்.

1965-ம் ஆண்டு ஜனவரியில் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். 600 டாலர் கடனில் தொடங்கிய கடை!

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு டாக்டரிடம் போனார். அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். நோய் ஓடிப்போயிற்று!

உடம்பு சரியாயிற்று. கம்பெனி போயிற்று. பெயரும் போயிற்று. 10 ஆண்டுகளுக்குப் போட்டித் தொழில் செய்வதில்லை என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்.

புது முதலாளிகள் 1966-ம் ஆண்டில் வால்வு இல்லாத பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். டிரான்சிஸ்டர் பெட்டிகள். சூடாகாது, எடை குறைவு என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால், அவை அடிக்கடி கெட்டன. ஓசையும் வாத்தியக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வால்வு அலையின் தலையை மெல்ல மழுக்கும். அந்த டிரான்சிஸ்டர்களோ கத்தரியால் வெட்டியது போல் நறுக்கின. லியோவின் காலத்திலிருந்து தொழிற்சாலையை நிர்வகித்துவந்த பாரெஸ்ட் வொய்ட், அந்தப் பெட்டிகளைத் தம்மால் ஒப்புக்கொள்ள முடியாது என்று ராஜினாமாவே செய்துவிட்டார். சில ஆண்டுகளில் அந்தப் பெட்டிகள் நின்றுபோயின.

மறுபடியும் முதலிலிருந்து

லியோ பணக்காரர். வயது 60-ஐத் தாண்டியாயிற்று. வீட்டில் சும்மா இருக்கலாம். அவரால் முடியவில்லை.

பழைய சகாக்களான பாரெஸ்ட் வொய்டும் டாம் வாக்கரும் ஒரு புதுக் கம்பெனி தொடங்கினார்கள். அது பிறகு "மியூசிக் மேன்" என்று பெயர் பெற்றது. லியோ அதற்குப் பின்பலமாக இருந்தார். 10 ஆண்டுக் கெடு முடிந்ததும், 1975-ம் ஆண்டில் அதன் தலைவர் ஆனார்.

அந்தக் கம்பெனியின் ஆம்ப்ளிபயர் எப்படி இருந்தது தெரியுமா? முன்பெருக்கியில் டிரான்சிஸ்டர் வகைச் சாமான்கள். சக்திப் பெருக்கியில் வால்வுகள். பழையதும் புதியதும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் செய்தன!

வால்வுப் பெட்டிகளால் பேர் வாங்கியவர், வால்வைத் தெய்வமாக்கிக் கும்பிடவில்லை. 1976-ம் ஆண்டில் வந்த "ஸ்டிங்ரே" என்ற பேஸ் கிடாரில், பாட்டரியில் ஓடும் சின்னஞ்சிறு முன்பெருக்கியைக் கிடாரின் வயிற்றுக்குள்ளேயே வைத்தார்கள். ஆம்ப்ளிபயருக்குப் போவதற்கு முன்பே, வாசிப்பவர் தம் விரல் அருகிலேயே ஓசையின் குணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

1979-ம் ஆண்டில் எஸ்தர் இறந்தார். 45 ஆண்டுத் துணை போயிற்று. லியோ மனம் உடைந்தார். ஆயினும், அவர் பட்டறையை விடவில்லை. பழைய நண்பர் ஜார்ஜ் புல்லர்டனுடன் சேர்ந்து இன்னொரு கம்பெனி தொடங்கினார். ஜார்ஜ், லியோ என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதற்கு "ஜி அண்ட் எல்" என்று பெயர். 1980-ம் ஆண்டில் பிலிஸ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

1985-ம் ஆண்டில் இன்னொரு திருப்பம். சி.பி.எஸ். நிறுவனம் பெண்டர் கம்பெனியைக் கை கழுவியது. அங்கே வேலை பார்த்தவர்களே ஒன்று சேர்ந்து அதை வாங்கினார்கள். விலை 1 கோடியே 25 லட்சம் டாலர். 20 ஆண்டுகளுக்கு முன் லியோவுக்குக் கொடுத்த விலையை விடக் குறைவு!

லியோவுக்கு நடுக்குவாத நோய் வந்தது. ஈயம் பற்றவைத்த கை நடுங்கியது. அப்பொழுதும் அவர் பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். 1991-ம் ஆண்டு மார்ச்சு 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார். மறு ஆண்டு, ராக் இசைக்குப் பெரும் தொண்டு செய்தவர்களின் வரிசையில் அவரைச் சேர்த்துக் கௌரவித்தார்கள்.

இன்று மூன்று பெட்டிகள்

லியோ இறந்த பிறகு காலம் வேகமாக ஓடியது. இன்று கிடார் வாங்கப் போகிற பிள்ளைக்கு முன்னால் மூன்று வகைப் பெட்டிகள் நிற்கின்றன.

முதலாவது, பழைய வால்வுப் பெட்டி. விரலின் சிறு அசைவுக்கும் பதில் சொல்லும். மெல்ல மீட்டினால் சுத்தமாகப் பாடும். ஓங்கி மீட்டினால் உறுமும். ஆனால், கனம் அதிகம். வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும். வால்வு செய்யும் தொழிற்சாலைகளும் உலகில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. நல்ல ஓசை வேண்டுமென்றால் பலமாகத் திருக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்!

இரண்டாவது, கம்ப்யூட்டர் பெட்டி. வால்வுப் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை இது கணக்குப் போட்டு நடித்துக் காட்டுகிறது. 1998-ம் ஆண்டில் "லைன் 6" என்ற கலிபோர்னியாக் கம்பெனி, அவரை விதை வடிவத்தில் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. ஒரு குமிழைத் திருப்பினால் பல பழைய ஆம்ப்ளிபயர்களின் குரல் அதில் வரும். 2011-ம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து "கெம்பர்" என்ற கருவி வந்தது. உண்மையான பெட்டி ஒன்றின் முன் மைக்கை வைத்து, அதன் குரலையே இது படி எடுத்துக்கொள்ளும். காதில் மாட்டும் கருவியோடு நள்ளிரவிலும் வாசிக்கலாம். ஆனால், கெட்டுப்போனால் உள்ளூர் ரிப்பேர்க்காரர் கையில் அது எளிதில் அடங்காது.

மூன்றாவது, செருகு பெட்டி. இதில் சக்திப் பெருக்கி ஒன்றுதான், அது மாறாது. முன்பெருக்கியை மட்டும் சின்னச் சின்னப் பெட்டிகளாகச் செய்து விற்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சொந்த வால்வுகள் இருக்கும். ஒன்று பெண்டர் குணம்; ஒன்று மார்ஷல் குணம். வேண்டியதைச் செருகலாம், வேண்டாததை உருவலாம். அசல் வால்வு ஓசை. ஆனாலும் நாலு பெட்டி சுமக்க வேண்டாம். ஆனால், ஒவ்வொரு சின்னப் பெட்டிக்கும் தனித்தனியாகப் பணம் எண்ணி வைக்க வேண்டும்.

2019-ம் ஆண்டில், பெண்டர் பெயர் தாங்கிய கம்பெனியே, புகழ்பெற்ற தன் "ட்வின் ரிவெர்ப்" பெட்டியை வால்வே இல்லாமல் கம்ப்யூட்டர் முறையில் வெளியிட்டது. பழைய பெட்டி சுமார் 29 கிலோ. புதியது சுமார் 15 கிலோ. அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டர், வால்வின் மென்மையையும் நடித்துக் காட்டுகிறது. திருகினால் வரும் கரகரப்பையும் நடித்துக் காட்டுகிறது. லியோ ஒழிக்கப் பாடுபட்ட பிழையை அச்சாக வரவழைக்க, இன்று பெரிய எஞ்சினீயர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள்!

எது நல்ல பெட்டி?

இந்த மூன்றில் எது உயர்ந்தது என்று கிடார்க்காரர்கள் ஓயாமல் வாதாடுகிறார்கள்.

லியோவின் வாழ்க்கையைப் பார்த்தால் அதற்கு ஒரு வழி கிடைக்கிறது. அவர் மேஜையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். வாசிப்பவர் கையில் கொடுத்தார். கூட்டத்தின் நடுவே நின்று கேட்டார். தமக்குப் பிடிக்காத கரகரப்பை மற்றவர்கள் விரும்பியபோதும், அவர்கள் பெட்டியைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. வால்வு சிறந்தது என்றால் வால்வு. டிரான்சிஸ்டர் உதவும் என்றால் டிரான்சிஸ்டர்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை கிடார் வேண்டும் என்று கேட்டால், பெட்டியின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போங்கள். வாசிக்கச் சொல்லுங்கள். நாலடி தள்ளி நின்று கேளுங்கள். எந்தப் பெட்டியின் முன்னால் அந்தப் பிள்ளை எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறதோ, அதை வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளைக்கு இன்னும் வாசிக்கத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். லியோ பெண்டருக்கும் தெரியாது!